பெயர் விளிக்கும் கறுப்புத் திரை

கணினியின் டெர்மினல் ஜன்னலில், அதாவது படம் இல்லாத அந்தக் கறுப்புத் திரையில், எழுத்துக் காட்டுவது கல்யாண வீட்டில் பந்தி நடத்துகிற வேலை. வரிசைக்கு இத்தனை இலை என்று முதலிலேயே போட்டாயிற்று; வருகிற எழுத்துகளை அதற்குள் உட்காரவைத்துவிட வேண்டும். ஆங்கில எழுத்துகள் சமர்த்துப் பிள்ளைகள், ஆளுக்கு ஓர் இலையில் உட்கார்ந்துவிடும். சீன எழுத்து வந்தால் இரண்டு இலை கேட்கும். நம் தமிழ் வரும்போது புள்ளியும் சில கொக்கிகளும் கைக்குழந்தைகளாக அடுத்தவர் மடியில் ஏறிக்கொள்ளும், அவற்றுக்கு இலை கிடையாது. யாருக்கு எத்தனை இலை என்று கணக்குச் சொல்வதற்கென்றே சி என்கிற புரோகிராம் மொழியின் லைப்ரரியில் சில ஃபங்ஷன்கள், அதாவது எழுதிவைத்த குட்டிப் புரோகிராம்கள், இருக்கின்றன. அவற்றை நம்பித் தொழில் செய்து நரை வாங்கிக்கொண்ட சக பாவிகளே, உங்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம். அடுத்த வீட்டுப் பந்தி எங்கே குலைந்தது என்று தெரிந்துகொள்வதில் யாருக்குத்தான் சந்தோஷம் இல்லை?

நான் சொல்வது 2007. நாகர்கோவிலில், வடசேரி பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு பேக்கரியின் மாடியில் எங்கள் கம்பெனி. கம்பெனி என்றால் நானும் பெனிட்டாவும். முதலாளி ஒருவர் உண்டு, பெரும்பாலும் திருவனந்தபுரத்தில் இருப்பார். பெனிட்டா குளச்சல் பக்கத்துக் கடற்கரைப் பெண், என்னைவிட ஆறேழு வயது இளையவள். மற்றவர்கள் தொடர்கதை படிக்கிற ஆசையோடு அவள் லைப்ரரியின் கையேட்டைப் படிப்பாள். எனக்குக் கோபம் வந்தால் கீபோர்டைத் தட்டுவேன்; அவளுக்குக் கோபம் வந்தால் கையேட்டில் இன்னொரு பக்கம் புரட்டுவாள். நாங்கள் தப்பிப் பிழைத்தது அவளுடைய கோபத்தால்தான்.

துணி அறை

மாவட்டத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். அங்கே புறநோயாளிகள் கூடத்தில் பெயர் விளிப்பது லில்லிபாய் சிஸ்டரின் வேலை. எங்கள் பக்கத்தில் கூப்பிடுவதை விளிப்பது என்றுதான் சொல்வோம். கீரிப்பாறை எஸ்டேட் பஸ்ஸில் வந்தவர்கள், கடற்கரையிலிருந்து வேன் பிடித்து வந்தவர்கள், அருமனையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவர்கள் எல்லோரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் அந்தக் கூடத்தில், ஃபேன் சத்தத்தையும் குழந்தைகளின் அழுகையையும் தாண்டி, வெளியே வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பவர் காதிலும் விழும்படி விளிப்பார். ஞாயிற்றுக்கிழமை அதே குரல் சபையின் பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்கும். அவர் பாடி நான் ஒரு முறை கேட்டிருக்கிறேன். இந்தக் குரலை வைத்துக்கொண்டு இவர் ஏன் பேதி மாத்திரைக்காரர்களை விளித்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

ஒருநாள் அந்தக் குரல் கட்டிக்கொண்டது. கட்டியது கட்டியதுதான். அதே ஆஸ்பத்திரியின் காது மூக்கு தொண்டை டாக்டர் கிங்ஸ்லி பார்த்துவிட்டு, ரப்பர் வெட்டுகிறவர்களுக்கு உள்ளங்கை காய்த்துப்போவதுபோல் குரல் நாண் காய்த்துப்போயிருக்கிறது என்றார். இனிக் கத்தக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது, அவசியத்துக்கு மட்டும் மெதுவாகப் பேசலாம். கிறிஸ்துமஸுக்கு முன்னால் மறுபடியும் பார்ப்பார், குறையவில்லை என்றால் ஆபரேஷன். அதுவரை சிஸ்டரைத் துணி அறைக்கு மாற்றிவிடலாம் என்று நிர்வாகம் சொன்னது. படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்குகிற அறை அது. அங்கே பேசுவதற்கு ஆளும் கிடையாது, தேவையும் கிடையாது.

சிஸ்டர் மன்றாடி ஒரு வழி கேட்டார்: பெயரைத் திரையில் காட்டினால் விளிக்க வேண்டாம், நான் கூடத்திலேயே இருந்துகொள்ளலாமே? சரி, பார்ப்போம் என்றார்கள். அந்த ‘பார்ப்போம்’தான் எங்கள் மாடிக்கு வேலையாக வந்து சேர்ந்தது. திரை ஒழுங்காக ஓடினால் சிஸ்டருக்குக் கூடம், ஓடாவிட்டால் துணி அறை. முதல்முறை பார்த்தபோது அவர் எங்களிடம் மெதுவாகப் பேசியது இவ்வளவுதான்: “மனுஷங்களுக்க மொகத்தப் பாத்துப் பழகினவ நான். அலமாரிக்க மொகத்தப் பாக்க வெச்சிராதீங்க மக்கா.”

கூடம் நிறையக் கேள்விகள்

ஆஸ்பத்திரியில் இருந்தவை வெளிநாட்டு நண்பர்கள் அனுப்பிவைத்த பழைய கணினிகள். படம், வண்ணம் என்றால் அவற்றுக்கு மூச்சு வாங்கும். கறுப்பு ஜன்னலில் வெறும் எழுத்து என்றால் சளைக்காமல் உழைக்கும். ஆகவே டெர்மினல் ஜன்னல்தான் என்று முடிவு செய்தோம். பதிவு மேஜையில் பெயர்களைத் தமிழில் அடிக்க வழி செய்து, கூடத்தின் முன்சுவரில் ஒரு மானிட்டரை ஏற்றினோம். கடைசி பெஞ்சுக்கும் தெரிய வேண்டும் என்று எழுத்தைப் பெரிதாக்கினோம். பெரிதாக்கப் பெரிதாக்க வரிசையில் இலை குறையும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

முதல் நாள், காலை ஜெபம் முடிந்து கூடம் நிறைந்திருந்தது. சுவிட்சைப் போட்டோம். பெயர் வரவேண்டிய இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள். சி புரோகிராமுக்குக் கண் விழிக்கும்போது தான் எந்த ஊரில் இருக்கிறோம் என்றே தெரியாது. setlocale என்ற ஃபங்ஷனைக் கேட்டு ஊரையும் மொழியையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். நாங்கள் கேட்டிருந்தோம். ஆனால் அந்தக் கணினியில் தமிழுக்கான கோப்பையே யாரும் ஏற்றியிருக்கவில்லை. ‘இல்லை’ என்று அது பதிலும் சொல்லியிருக்கிறது, அந்தப் பதிலை வாங்கிப் பார்க்கிற வரியை மட்டும் நாங்கள் எழுதவில்லை. அன்றைக்கு முழுக்க சிஸ்டர் பெஞ்சு பெஞ்சாக நடந்து, ஒவ்வொருவரையும் தோளில் தொட்டு உள்ளே அனுப்பினார். எஸ்டேட் பஸ்ஸில் வந்திருந்த ஒருவர் திரையை நன்றாக அண்ணாந்து பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார் (எங்கள் பக்கத்தில் ‘ஒக்க’ என்றால் எல்லாம்): “கேள்வி ஒக்க வெளிய எழுதிப் போட்டிருக்கு. பதிலு உள்ள டாக்டருகிட்டயா?”

கடிகாரம் முந்திக்கொண்டது

கோப்பை ஏற்றினோம். கேள்விக்குறிகள் போய்விட்டன. பெயர்களும் போய்விட்டன. மேல்வரிசையில் ஆங்கில எண்களில் கடிகாரம் மட்டும் அழகாக ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் மாடியில் ஓட்டிப் பார்த்தபோது பெயர் வந்ததே! பிழை என்று ஒரு முனகல்கூட இல்லை. நான் கீபோர்டைத் தட்டினேன். மானிட்டரைத் தட்டினேன். வயர்களைப் பிடுங்கிச் செருகினேன். பெனிட்டா ஓரமாக உட்கார்ந்து கையேட்டைப் புரட்டினாள்.

விஷயம் இதுதான். திரைக்குப் போகிற வழி ஒன்றே ஒன்று. அதில் சாதாரண எழுத்தை printf என்ற ஃபங்ஷன் அனுப்பும், தமிழ் போன்ற அகல எழுத்தை wprintf அனுப்பும். முதலில் எது போகிறதோ அந்த வழி அதற்கே எழுதிவைத்ததாகிவிடும். அடுத்தது வந்தால் சத்தம் இல்லாமல் திருப்பி அனுப்பிவிடும். ஆஸ்பத்திரியில் ஆசைப்பட்டார்களே என்று கோப்பை ஏற்றிய கையோடு நாங்கள் சேர்த்த கடிகாரம் சாதாரண எழுத்தில் முதலில் ஓடிவிட்டது. நான் கண்டுபிடிப்பதாக இருந்தால் அடுத்த ஓணத்துக்குத்தான் கண்டுபிடித்திருப்பேன். பெனிட்டா கையேட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்: “முதல்ல வாய் தெறந்தவருக்க பாஷதான் அந்த வாசலுக்கு, அண்ணே. கடிகாரத்தையும் நம்ம பாஷயில பேச வெச்சிட்டாத் தீந்துச்சு.”

தடுக்கி விழுந்தால் ஒரு ஜெ

எங்கள் மாவட்டத்தில் தடுக்கி விழுந்தால் ஒரு ஜெபராஜ் மேல்தான் விழ வேண்டும். அவர் தூக்கிவிட்டால் பக்கத்தில் ஜெயசீலி நிற்பார், அவர் மகன் ஜெஸ்டின் தண்ணீர் கொண்டுவருவான். இத்தனை ஜெக்கள் இருக்கிற ஊரில், டெர்மினல் ஜன்னல் ஜெ-யின் கொம்பை எழுத்துக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தது. அதன்மேல் தப்பில்லை. வருகிற வரிசையில் இலை போடுகிறது; கணினிக்குள் எழுத்து முதலிலும் கொம்பு இரண்டாவதாகவும் வருகிறது, கொம்பு இரண்டாவது இலையில் உட்கார்கிறது.

பெயர்களைச் சேர்த்துவைக்கிற கோப்பிலேயே கொம்பை முன்னால் மாற்றிவைத்துவிடலாம் என்று நான் சொன்னேன். பெனிட்டா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, மீன் வாங்கத் தெரியாமல் அதன் கண்ணை அமுக்குகிற ஆளை அவளுடைய அம்மா அப்படித்தான் பார்ப்பார் என்று நினைக்கிறேன். கோப்பில் மாற்றினால் நாளைக்குப் பெயரைத் தேடும்போது கிடைக்காது. திரைக்குப் போகிற நேரத்தில் மட்டும் கொம்பை முன்னால் நகர்த்துகிற ஒரு சின்ன ஃபங்ஷனை அவள் எழுதினாள். மொத்தமே ஒரு திரை அளவுகூட வராது. பிறகு அதை நான் வேறு எத்தனையோ வேலைகளில் எடுத்துப் போட்டிருக்கிறேன், ஒரு முறைகூடக் கைவிட்டதில்லை. எழுதி முடித்துக் கையை உதறிக்கொண்டு அவள் சொன்னது: “வீட்டுக்குள்ள எப்பிடியும் இருக்கட்டும் அண்ணே. கோயிலுக்குப் போவும்பம் தல சீவி அனுப்பினாப் போதும்.”

மரிய, மரிய, மரிய

கடற்கரை வேன்கள் மொத்தமாக வருகிற நாள் ஒன்று உண்டு. அன்று திரை முதல்முறையாகச் சுத்தமாக ஓட ஆரம்பித்தது. சிஸ்டர் மேஜைக்குப் பின்னால் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். திரையில் ‘மரிய’ என்று வந்தது. அவ்வளவுதான், மிச்சம் இல்லை. பெஞ்சுகளில் பாதிப்பேர் எழுந்து நின்றார்கள். மரிய அருளப்பன், மரிய தாசன், மரிய லூசி, மரிய புஷ்பம். எழுந்தவர்கள் சும்மா நிற்பார்களா, கதவை நோக்கி நடக்கத் தொடங்கினார்கள்.

பதிவு மேஜையின் பழைய புரோகிராம் பெயரின் நீளத்தை strlen வைத்து அளந்திருந்தது. அது எழுத்தை எண்ணாது, கணினிக்குள் அந்த எழுத்து பிடிக்கிற இடத்தை, அதாவது பைட்டை எண்ணும். நம் எழுத்து ஒவ்வொன்றும் உள்ளே மூன்று பைட் பிடிக்கும், கொக்கிக்குத் தனியாக இன்னொரு மூன்று. ‘மரிய’ முடிந்ததுமே நீளம் முடிந்துவிட்டது என்று அது கத்தரித்துவிட்டது. இதெல்லாம் பிறகு கண்டுபிடித்தது. அந்த நேரத்தில் கதவடியில் தள்ளுமுள்ளு, ஒரு கர்ப்பிணிப் பெண் நடுவில் மாட்டிக்கொண்டாள். சிஸ்டர் தன்னை மறந்து எழுந்து, “மரிய புஷ்பம் மட்டும்! மத்தவங்க ஒக்க இரிங்க!” என்று பழைய குரலில் விளித்துவிட்டார். கூடம் அப்படியே அடங்கி உட்கார்ந்தது. சிஸ்டர் தொண்டையைப் பிடித்துக்கொண்டு மேஜைமேல் குனிந்தார். இருமல் நிற்கவில்லை.

வாரக்கணக்கில் பொத்திப் பொத்திக் காத்த தொண்டை. பெனிட்டா கண் நிறைந்துபோய்த் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே போய்விட்டு வந்த மரிய புஷ்பம், வயதான மீன்கார அம்மா, சிஸ்டரின் முதுகைத் தடவிக்கொடுத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்: “வெறும் மரியன்னு காட்டினா எங்க கடப்புறமே எந்திச்சு வரும். ஒருத்திய விளிக்கணும்னா முழுசா விளி மக்கா. இந்தப் பிள்ளைக்க தொண்டய வாங்காத.”

பட்டாளத்துக்காரரின் வால்

பைட்டை விட்டுவிட்டு எழுத்தை எண்ண ஆரம்பித்தோம். பெயர் முழுசாக வந்தது. கூடவே வேறு ஒன்றும் வந்தது. ஒரு பெயரை அழித்து அடுத்த பெயரைப் போடும்போது, மிச்ச இலைகளை வெற்றிடத்தால் துடைக்க வேண்டும். நாங்கள் புள்ளிக்கும் கொக்கிக்கும்கூட இலை உண்டு என்று எண்ணித் துடைத்தோம். மடியில் உட்கார்ந்த குழந்தைகளுக்கெல்லாம் இலை போட்டாயிற்று என்று கணக்கு எழுதியதால், வரிசையின் கடைசி இலைகள் துடைக்கப்படாமல் கிடந்தன. முன்னால் போனவரின் வால் அங்கே ஒட்டிக்கொண்டிருந்தது.

வால் ஒட்டியது யாருக்கு என்றால், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற தங்கப்பனுக்கு. ஆறடி ஆள். மீசை தனியாக ஒரு ஆள். அவருக்கு முன்னால் போனவர் பெயர் நீளமான ஒரு அம்மாள். திரையில் ‘தங்கப்பன்’, கொஞ்சம் தள்ளி ‘ம்மாள்’. கூடம் சிரித்தது. இந்த முறை சிஸ்டர் வாயைத் திறக்கவில்லை, இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு பெனிட்டா wcswidth என்ற ஃபங்ஷனைக் கொண்டுவந்தாள். எழுத்து எத்தனை என்று அதற்குக் கவலை இல்லை, திரையில் எத்தனை இலை பிடிக்கும் என்று மட்டும் சொல்லும். அதற்கப்புறம் யாருக்கும் வால் முளைக்கவில்லை. ஆனால் தங்கப்பன் அன்றைக்கு விறைப்பாக நிமிர்ந்து, திரைக்கு முன்னால் நின்று, அதைப் பார்த்தே சொன்னார்: “எனக்க பேருக்கு வாலு வேண்டாம். அது ஆருக்கதோ அவங்களுக்குக் குடுத்திரு.”

இரண்டு ஸ்டெல்லாக்கள்

முழுப்பெயரும் வந்துவிட்டது, இனி என்ன குறை என்று நினைத்தோம். ‘மேரி ஸ்டெல்லா’ என்று வந்தது. இரண்டு பேர் எழுந்தார்கள். ஒரே வயது, ஒரே இருமல். இருவரும் உட்காரத் தயாராக இல்லை. சிஸ்டர் ஓடிப்போய் ஒருத்தியின் தோளைத் தொட்டு உள்ளே அனுப்பினார். அவர் விளித்துக்கொண்டிருந்த காலத்தில் இந்தக் குழப்பம் ஏன் வரவில்லை என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பெனிட்டாவுக்குப் பிடிபட்டுவிட்டது. சிஸ்டர் எப்போதும் ஊரைச் சொல்லிவிட்டு, ஒரு மூச்சு விட்டு, அப்புறம்தான் பெயரைச் சொல்வார். பெனிட்டா கடற்கரைப் பெண் அல்லவா, ஒரே பெயரில் நாலு பேர் இருக்கிற தெருவில் வளர்ந்தவள்.

ஊரும் பெயரும் ஒரே வரிசையில் கொள்ளாது. ஆகவே மேல் வரிசையில் ஊர், கீழ் வரிசையில் பெயர். மேல் வரிசை வந்து ஒரு மூச்சு விடுகிற நேரம் கழித்துக் கீழ் வரிசை வரும்படி செய்தோம். அந்த ஒரு மூச்சை அளப்பதற்காக பெனிட்டா சிஸ்டரின் எதிரில் உட்கார்ந்து, அவர் மெதுவாக விளித்துக் காட்டுவதைப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்தாள். அவ்வளவு பொறுமையை நான் எந்தப் புரோகிராமரிடமும் பார்த்ததில்லை, என்னிடம் நிச்சயமாக இல்லை. மறுபடியும் சோதனைக்கு வந்தபோது இரண்டு ஸ்டெல்லாக்களும் திரையில் தங்கள் ஊரைப் பார்த்துத் திருப்தியானார்கள். அதில் ஒருத்தி என்னிடம் வந்து சொன்னாள்: “இப்பம் செரி. குறும்பன ஸ்டெல்லா நான், கோடிமுன ஸ்டெல்லா அவ. எங்க ரெண்டுபேருக்கும் பேச்சே கிடையாது, பாத்துக்க.”

வலப்பக்கம் ஊர், இடப்பக்கம் பேர்

இனித்தான் நாங்கள் கனவிலும் நினைக்காதது நடந்தது. கண்ணாடி கொண்டுவராத ஒரு பெரியவர் பக்கத்திலிருந்தவரிடம் திரையில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டார். அவர் வாசித்துச் சொன்னார். அடுத்த பெயரையும் வாசித்தார். முன் பெஞ்சில் ஒரு அம்மாள் கூடச் சேர்ந்துகொண்டார். எங்கள் ஊர் சபைகளில் ஒரு பழக்கம் உண்டு. பைபிளின் சங்கீதங்களை வாசிக்கும்போது போதகர் ஒரு வசனம் வாசிப்பார், சபை எழுந்து ஒரே குரலில் அடுத்த வசனம் வாசிக்கும். கடற்கரைக்காரர்களுக்கு ஜெபமாலை. பாதியை ஒருவர் சொன்னால் மீதியை எல்லோரும் சொல்ல வேண்டும். சின்ன வயதிலிருந்து வாய்க்குப் பழகிப்போனது. கண்ணுக்கு முன்னால் மேலே ஒரு வரி, கீழே ஒரு வரி, நடுவில் ஒரு மூச்சு. வாய் சும்மா இருக்குமா?

ஒரு வாரத்துக்குள் முறை தானாக ஏற்பட்டுவிட்டது. ஊர் வந்ததும் வலப்பக்க பெஞ்சுகள் “அருமனை” என்று வாசிக்கும். பெயர் வந்ததும் இடப்பக்க பெஞ்சுகள் “தங்கப்பன்” என்று முடிக்கும். எஸ்டேட்டிலிருந்து வருகிற சுப்பிரமணியன்களும் நாகராஜன்களும் தயங்காமல் சேர்ந்துகொண்டார்கள். புதிதாக வருகிறவர் எந்தப் பக்கம் உட்கார்கிறாரோ அந்தப் பக்கத்துக்கு உரியதை வாசிப்பார், யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சத்தமோ, சிஸ்டர் ஒருத்தர் போட்டதைப்போல் பல மடங்கு. நிர்வாகம் கூப்பிட்டு, திரையின் அடியில் ‘அமைதி காக்கவும்’ என்று ஒரு வரி போடச் சொன்னது. போட்டோம். அதையும் இரண்டு பக்கமும் சேர்ந்து வாசித்தார்கள்.

எனக்கு ஒரே பயம். திரையை எடுத்துவிடுவார்களோ, சிஸ்டரைத் துணி அறைக்கு அனுப்பிவிடுவார்களோ என்று. சிஸ்டர் என்னவோ மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு பெயருக்கும் எழுகிற ஆளைப் பார்த்துத் தலையசைத்துக்கொண்டு, கண்ணெல்லாம் சிரிப்பாக இருந்தார். டாக்டர் கிங்ஸ்லி ஒருநாள் ஸ்டெதஸ்கோப்போடு அறையிலிருந்து வெளியே வந்து, கூடம் ஒரு பெயரை வாசித்து முடிக்கும்வரை நின்று பார்த்தார். அப்புறம் எங்களைக் கேட்டார்: “இது ஓ.பி.யா, ஆராதனையா? முடிவுல காணிக்கை உண்டுமா?”

சிஸ்டருக்கு ஒரு டோக்கன்

டிசம்பரில் சிஸ்டரின் தொண்டையைப் பார்க்கிற நாள் வந்தது. நேரே டாக்டரின் அறைக்குள் போயிருக்கலாம், யாரும் கேட்கப்போவதில்லை. அவர் அன்றைக்கு லீவு போட்டு, யூனிஃபாரம் இல்லாமல் ஒரு பச்சைப் புடவையில் வந்து, பதிவு மேஜையில் டோக்கன் வாங்கிக்கொண்டு, இடப்பக்கம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். மேஜையில் வேறு சிஸ்டர் இருந்தார். நானும் பெனிட்டாவும் கடிகாரத்தைச் சரிபார்க்கிற சாக்கில் வந்து சுவரோரம் நின்றோம். உண்மையில் எங்களுக்கு அன்றைக்கு வேறு வேலையே ஓடவில்லை. மரியாக்கள் எழுந்த நாளில் அவர் போட்ட அந்த ஒரு சத்தம் என்ன செய்து வைத்திருக்கிறதோ என்பதுதான் என் நினைப்பு. பெனிட்டாவின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. ஜெபம் என்று தெரிந்தது, நான் கேட்கவில்லை.

திரையில் ‘அருமனை’ என்று வந்தது. வலப்பக்கம் வாசித்தது. ஒரு மூச்சு. ‘லில்லிபாய்’ என்று வந்தது. இடப்பக்கம் வழக்கம்போல் வாசித்துவிட்டு அடுத்த வரிக்குக் காத்திருந்தது. கடைசி பெஞ்சிலிருந்து சிஸ்டர் எழுந்தார். பச்சைப் புடவையில் அவரை யாருக்கும் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. அவர் நடுவழியில் வந்தபோதுதான் முன்பெஞ்சிலிருந்து ஒருவர் திரும்பிப் பார்த்தார். பிறகு இன்னொருவர். கூடம் அமைதியானது. நாங்கள் எத்தனை வரி போட்டும் வராத அமைதி. ஒருவரும் சொல்லித்தராமல் வலப்பக்கமும் இடப்பக்கமும் வாசலில் நின்றவர்களும் மருந்து வாங்க நின்ற வரிசையும் சேர்ந்து இன்னொரு முறை வாசித்தார்கள்: “லில்லிபாய்!” ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சிஸ்டர் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். அப்புறம் மற்ற நோயாளிகளைப்போல் கையை உயர்த்திக் காட்டிவிட்டு உள்ளே போனார். என் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் பெனிட்டா வெளிப்படையாகவே அழுதுகொண்டிருந்தாள்.

வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. டாக்டர் கிங்ஸ்லியே கூட வந்தார். காய்ப்பு கரைந்துவிட்டது, கத்தியும் வேண்டாம், துணி அறையும் வேண்டாம், கூடத்திலேயே இருக்கட்டும், ஆனால் விளிக்கிற வேலையைத் திரையும் ஜனங்களும் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். கூடம் முழுக்க சிஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் எங்கள் பக்கம் வந்து, பெனிட்டாவின் கையைப் பிடித்துக்கொண்டு, கரகரப்பு இல்லாத குரலில், மெதுவாகச் சொன்னார்: “இங்க வந்தவங்க எல்லாருக்க பேரையும் நான் விளிச்சாச்சு. எனக்க பேரு இவ்வளவு சத்தமாட்டுக் கேட்டது இன்னைக்குத்தான். நல்லாருக்கு, கொள்ளாம் மக்கா.”

ஒரு பெயர் திரையில் எத்தனை இலை பிடிக்கும் என்று சொல்ல எங்கள் லைப்ரரியில் ஒரு ஃபங்ஷன் இருக்கிறது, ஒரு கூடத்தில் அது எவ்வளவு இடம் பிடிக்கும் என்று சொல்லுகிற ஃபங்ஷனை மட்டும் பெனிட்டாவாலும் இன்றுவரை கையேட்டில் கண்டுபிடிக்க முடியவில்லை.